பாதி மூடிய கண்

1. மூன்றாம் வகுப்பில் நான் கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்த்தேன்.
2. எனக்குப் பார்வைக் குறை இருக்கலாம் என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார்.
3. மாமா என்னைத் திருச்செங்கோட்டில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.
4. மருத்துவர் மாமாவுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

மாமா, அம்மாவின் தம்பி, போர்வெல் லாரி ஓட்டுநர். வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஊரில் இருக்கும்போது மல்லசமுத்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்று, தூரத்தில் வரும் பஸ்ஸை இமைகளைச் சுருக்கிப் பார்ப்பார். பெரிய ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எண்ணி நானும் பழகிக்கொண்டேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க," என்ற மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "யாரப் பாத்து சாமி இப்படிப் பழகுன?"

பெருமையோடு மாமாவைக் காட்டினேன். அவரையும் உட்காரவைத்து எதிரே மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார் மருத்துவர்.

"மூணாவது வரி சொல்லுங்க."

"அது இந்திங்களா?"

"தமிழ்தானுங்க."

வடக்கே வழிப்பலகைகள் பெரும்பாலும் இந்தியில். அவற்றைப் படிக்க முடியாததில் மாமாவுக்கோ வண்டியில் கூட இருந்தவர்களுக்கோ ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

மறுநாள் வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்ப இருந்தது. கண்ணாடி வர ஒரு வாரமாகும் என்றார்கள். மாமா வெளியே வந்ததும் முதலாளிக்குப் போன் செய்தார்.

"கண்ணாடி வர்ற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடமாட்டனுங்ணா. வேற ஆளப் போட்டுக்கங்க." அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. "இத்தன நாளு தெரியாம ஓட்டிப்போட்டனுங்ணா. இனித் தெரிஞ்சே ஓட்ட முடியுங்களா?"

வேலை போயிற்று.

அண்மையில் அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் ஒரு திட்டத்தை 'மயோபிக்' என்றார். வருவதை யோசிக்காதது என்ற பொருளில். அகராதியைத் திறந்தேன். கிட்டப்பார்வை உள்ள என்பதுதான் அதன் முதல் பொருள். கிரேக்கத்தில் மூடுவதைக் குறிக்கும் சொல்லும் கண்ணைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்தது. தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் இமையைப் பாதி மூடிப் பார்ப்பதால் வந்த பெயர். மாமாவுக்கு முதல் பொருள் அப்படியே பொருந்தியது. கூட்டத்தில் சொன்ன பொருள் பொருந்தவே இல்லை.

கண் மருத்துவரிடம் போன அன்று, திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு இருந்த வருத்தம் ஒன்றுதான்: அந்தக் கம்பீரமான பார்வையைக் கண்ணாடி கெடுத்துவிடுமே. போனில் அவர் எதை விட்டுக்கொடுத்தார், யாருக்காக விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் எனக்கு எட்டவில்லை.

மாமா இப்போது வேறொரு முதலாளியிடம் போர்வெல் லாரிதான் ஓட்டுகிறார். இந்த மாதம் ஒடிசாவில் இருக்கிறார்.