எலியே இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி விழா

எலி, கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி. பதினொரு வருடமாக எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது இந்த நால்வர்தான். கொட்டாஞ்சேனையில் நானும் மனைவியும் சின்னதாக ஒரு பூச்சி ஒழிப்புச் சேவை நடத்துகிறோம். அவள் தொலைபேசியோடு இருப்பாள். நான் மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரார் குசினிகளுக்குள் முழங்காலில் நிற்பேன்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்த அன்றுதான் அவளுக்கு இந்த யோசனை பிடித்தது.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு காலமா எங்களை நம்பி வீட்டுக்குள்ள விடுற சனம். கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடுத்து நன்றி சொல்ல வேணும். இன்னும் எங்களிட்ட வராத ஆக்களையும் கூப்பிடுவம். வந்து பாத்தா அவையும் சேருவினம்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் நான் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் என் வானை இரண்டு ஒழுங்கை தள்ளி நிறுத்தச் சொல்வார். இன்னொரு வீட்டம்மா என்னைப் பக்கத்து வீட்டாரிடம் 'பைப் பார்க்க வந்தவர்' என்றே சொல்லி வைத்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருந்தும் என் மூளைக்கு எட்டவில்லை.

மனைவி ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, "நீங்கள் எங்களுக்கு விசேஷமான ஆள்" என்று சொல்லியிருந்தாள். தன்னை மட்டும்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள் போலும். ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்.

வானை நான் பெருமையாக வாசலிலேயே நிறுத்தியிருந்தேன். அதன் பக்கவாட்டில், கால்களை மேலே தூக்கிச் செத்துக் கிடக்கும் ஒரு கரப்பான் இரண்டு முழ நீளத்தில் வரையப்பட்டிருக்கும். மண்டபக் காவலாளி ஓடி வந்து சிங்களத்தில், "மே ஹோல் எகே கெரபொத்தோ நே, மஹத்தயா" என்றார். இந்த மண்டபத்தில் கரப்பானே கிடையாது என்று அவருக்கு ரோஷம். விருந்தினர்களோ வானைக் கண்டதும் நேரே நடந்து, தெருமுனை வரை போய், சுற்றி வந்து பக்கவாசலால் நுழைந்தார்கள்.

உள்ளே மேசையில் மனைவி சட்டையில் குத்திக்கொள்ள இரண்டு நிறத்தில் அட்டைத் துண்டுகள் வைத்திருந்தாள். மஞ்சளில் 'மதிப்புக்குரிய வாடிக்கையாளர்', வெள்ளையில் 'விருந்தினர்'. வந்தவர்கள் எல்லோரும் வெள்ளையைக் குத்திக்கொண்டார்கள். மஞ்சள் ஒன்றுகூடக் குறையவில்லை.

வெள்ளவத்தைக் கடைக்காரர் உள்ளே வந்து, கொட்டாஞ்சேனையில் பேக்கரி வைத்திருப்பவரோடு முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டார்.

"அட, நீங்களும் வந்தனீங்களோ?"

"ஆமா, இவரு நமக்குச் சொந்தம். வைஃப் பக்கம்" என்று என்னைக் காட்டினார் பேக்கரிக்காரர்.

"அப்பிடியோ? எனக்கும் ஒரு வழியில சொந்தம்தான்."

நான் மூன்று தலைமுறையாக முகத்துவாரத்துக் கத்தோலிக்கன். வெள்ளவத்தைக் கடைக்காரரோ நெற்றி நிறையத் திருநீறு பூசிய யாழ்ப்பாணத்து மனிதர். அரை மணி நேரத்துக்குள் எனக்குப் பருத்தித்துறையிலும் நீர்கொழும்பிலும் சொந்தங்கள் முளைத்துவிட்டன. வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை.

மனைவி ஒலிவாங்கியைப் பிடித்தாள். இரண்டு வரி வரவேற்புச் சொன்னாள். அதற்குள் தட்டுகளில் பற்றிஸும் ரோல்ஸும் போய்ச் சேர்ந்திருந்தன. அவள் சிரித்த முகத்தோடு சொன்னாள்:

"இண்டைக்கு நீங்கள் சாப்பிடுற பற்றிஸ், எங்கட நீண்டகால வாடிக்கையாளர் இவற்ற பேக்கரியில செய்தது."

வாய்க்குப் போன கைகள் எல்லாம் பாதி வழியில் நின்றன. யாரோ ஒருவர் தன் பற்றிஸைப் பிரித்து உள்ளே பார்த்தார். பேக்கரிக்காரரின் முகம் அவருடைய மாவைப்போல வெளுத்துப்போனது. நன்றி சொல்லக் கூப்பிட்ட மனிதரை நாங்களே சந்தியில் நிறுத்திவிட்டோமே. பாய்ந்துபோய் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"பயப்படாதீங்க. இவர்ட பேக்கரியில ஒண்டுமே இல்ல!"

ஹெந்தளையில் கல்யாண மண்டபம் நடத்தும் முகாமையாளர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று நாங்கள் குறிவைத்திருந்த ஆள். அவர் மரியாதையாகக் கேட்டார்: "ஒண்டும் இல்லாட்டி நீங்க ஏன் அங்க போறீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் பாமன்கடையில் பெண்பிள்ளைகளுக்கு போர்டிங் நடத்தும் அன்ரி பின்வரிசையிலிருந்து எழும்பினார். அறுபதைத் தாண்டியவர். வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் அவருடைய செருப்புச் சத்தத்துக்கே அடங்குவார்கள். நேரே வந்து தட்டிலிருந்த பெரிய பற்றிஸாகப் பார்த்து எடுத்து, எல்லோரும் பார்க்கக் கடித்து, ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"எட்டு வருசமா இந்தத் தம்பி என்ர வீட்டை வாறார். ஏன் வாறார்? எலி இருந்தது, வாறார். எலி எண்டாச் சும்மா எலி இல்லை, பூனையை வெருட்டின எலி. இவரைக் கூப்பிடுற கடையில நான் பயமில்லாமச் சாப்பிடுவன். கூப்பிடாத கடையிலதான் சாப்பிட மாட்டன். இஞ்ச ஆருக்கு வீட்டில ஒரு பூச்சியும் இல்லை? எழும்புங்கோ பாப்பம்."

ஒருவரும் எழும்பவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒருவர்கூட மெல்ல உட்கார்ந்தார்.

"பிள்ளை, அந்த மஞ்சள் துண்டில எனக்கு ஒண்டு தா" என்று மனைவியிடம் கை நீட்டினார் அன்ரி.

அடுத்ததாகப் பேக்கரிக்காரர் போய் ஒன்றை எடுத்துக் குத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அணை உடைந்தது. ஒருவர் தன் களஞ்சிய அறை எலி சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். இன்னொருவருடைய எலி வயரைக் கடித்து லிஃப்டையே நிறுத்தியதாம். கறையான் தின்ற கல்யாண ஆல்பத்தைப் பற்றிச் சொன்ன அம்மாவுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. வெள்ளவத்தைக் கடைக்காரர் மட்டும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. "எலி இல்லை. கரப்பான் மட்டும்தான். அதுவும் சின்னன்" என்றபடியே மஞ்சள் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பற்றிஸ் தட்டு காலியானது. நான் பிளேன்டீயோடு ஒரு மூலைக்கு ஒதுங்கியபோது காலி வீதிப் புடவைக் கடை முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். அவரும் நாங்கள் குறிவைத்திருந்த ஆள்தான்.

"ஒண்டு கேக்கலாமோ? என்ர சிநேகிதன் ஒருத்தன்ர கடையில ராவில ஏதோ சேலையை வெட்டுது."

"சிநேகிதர்ட கடை எங்க இருக்கு?"

அவர் யோசித்தார். "என்ர கடைக்கு மேல் மாடி."

"மேல் மாடி ஆருடையது?"

"என்ரதான்."

அந்த வாரமே அவருடைய கடைக்குப் போனோம். ஹெந்தளை முகாமையாளரும் கூப்பிட்டார். அவர் நேரடியாகவே சொன்னார்: "எங்கள்ட்ட எலி இருக்கு. எப்ப வாறீங்க?" இவ்வளவு காலத்தில் ஒரு புது ஆள் முதல் வார்த்தையாக அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு, அடுத்த வருடமும் செய்வோமா என்று கேட்டாள். நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

பேக்கரிக்காரரை நினைத்தால்தான் மனம் உறுத்தியது. விழாவுக்கு அடுத்த நாள் காலையே நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். கடையில் பாணுக்கு ஆட்கள் நின்றார்கள். அவர் என்னைக் கண்டதும் எல்லோருக்கும் முன்னால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"நேத்து நடந்ததுக்கு..." என்று தொடங்கினேன்.

"அத விடுங்க" என்றார் அவர். "பாண் போடுற போறணைக்குப் பின்னால ஏதோ சரசரண்டு ஓடுது. வந்தது வந்தீங்க, ஒருக்கா பாத்துட்டுப் போங்க."

நல்ல சட்டையோடு நான் முழங்காலில் இருந்தேன்.