அழகனின் அரை மணி நேரம்

"எந்த நேரம் வேணும்? தொரை நேரமா, சாமி நேரமா?"

வரிசை வீடுகள் கொண்ட லயத்தின் வாசலில் யாராவது மணி கேட்டால் அழகன் இப்படித்தான் திருப்பிக் கேட்பார். கேட்டவர் வாய் திறப்பதற்குள் சட்டைக் கையை ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து, இரண்டையும் சொல்லிவிடுவார். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அது வயிற்றுக்கு. தோட்டத்து முருகன் கோயிலில் காலையும் மாலையும் பூசை மணி அடிப்பதுதான் உயிர். தொண்ணூற்றாறில் இலங்கை அரசாங்கம் நாட்டுக் கடிகாரங்களை முன்னே தள்ளியது. கடைசியில் அவை பழைய நேரத்தைவிட அரை மணி கூடுதலாக நின்றன. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் துரையின் புது நேரப்படிதான் பேர் கொடுக்க வேண்டும். அழகனும் போய்ப் பேர் கொடுத்தார். கடிகாரத்தை மட்டும் திருகவில்லை.

"ராகு காலம் தொரையக் கேட்டா வருது? சூரியனப் பாத்து வருது."

மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் இலக்கங்களை அச்சுப்போல எழுதுவார். இரண்டாயிரத்து நான்கில் வந்த ஒரு கணிப்புக் குழு, அந்தக் கையெழுத்துக்காகவே அவரைக் கூப்பிட்டது. மண் சரியும் இடங்களிலுள்ள லயங்களைக் குறித்து, அந்தக் குடும்பங்களுக்கு வேறிடத்தில் காணி கொடுக்கப் பட்டியல் போடுகிறார்களாம். மேல் பிரிவில் அழகனின் வீட்டுச் சுவரில் அப்போதே விரல் நுழையும் வெடிப்பு.

குழுவிலிருந்த கஜதீபன் யாழ்ப்பாணத்துக்காரர். சவர்க்காரக் கட்டியளவு பெட்டியொன்றை நீட்டினார்.

"இதைச் சுவரடியில வைச்சு ஒருக்கால் பொத்தானை அமத்துங்கோ ஐயா. வானத்தில சுத்திற செய்மதியளின்ர சத்தத்தைக் கண் சிமிட்டுற நேரம் பிடிச்சு வைக்கும். மிச்சக் கணக்கைக் கொம்பியூட்டர் பாக்கும்."

"அம்புட்டுல எடம் தெரிஞ்சிருமாங்க தம்பி?"

"கனநேரம் கேட்டால் செய்மதியே நேரத்தையும் சொல்லும். இது சின்னத் துண்டு, அது சொல்ல முதலே முடிஞ்சிடும். அதால அமத்தின நேரத்தை நீங்கள்தான் கொப்பியில எழுதவேணும். அந்த நேரம் செய்மதி எங்க நிண்டதெண்டு பாத்துத்தான் இடத்தைப் பிடிக்கிறது."

கீழ்ப் பிரிவைக் கஜதீபன் தாமே எடுத்துக்கொண்டார். மேல் பிரிவின் ஐந்து லயங்களுக்கும் அழகன் ஏறினார். ராகு காலம் கழியும்வரை காத்திருந்தார். ஒவ்வொரு லயத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு, "முருகா" என்று பொத்தானை அழுத்தினார். இத்தனை குடும்பம் பிழைக்கிற காரியத்துக்குத் துரை நேரமா எழுதுவார்? தம் கடிகாரம் காட்டியதை நிமிடம் பிசகாமல் எழுதினார்.

இரண்டு மாதத்தில் கோயில் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். கீழ்ப் பிரிவு முழுக்க இருந்தது. மேல் பிரிவில் ஒரு வீடுகூட இல்லை. அங்கே எடுத்த புள்ளிகள் சிலதுக்குக் கணக்கே ஒட்டவில்லையாம். சிலது கடலில் போய் விழுந்ததாம்.

அழகன் கொப்பியோடு கஜதீபனைத் தேடிப் போனார். அவர் கொப்பியைப் பார்த்தார், பிறகு அழகனின் கையைப் பார்த்தார்.

"ஐயா, உங்கட மணிக்கூடு அரை மணித்தியாலம் பிந்தி நிக்குது."

"பிந்தலீங்க. அதுதாங்க சரியான நேரம்."

கஜதீபன் தலையில் கைவைத்தார். "வன்னியில ஒருத்தரும் மணிக்கூட்டை மாத்தேல்லை, அங்க இருக்கிற எங்கட அம்மாவும் பழைய நேரம்தான் வைச்சிருக்கிறா. எனக்கு ஒரு சொல் கேக்கத் தோன்றேல்லையே!"

"அரை மணி கூட்டிப் போட்டுப் பாருங்களேன் தம்பி."

போட்டுப் பார்த்தார். ஐந்து புள்ளிகளும் அந்தந்த லயத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தன. அந்தத் தாளோடு இருவரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார்கள். அரசாங்கக் கந்தோரில் இருந்தவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. பட்டியல் கையெழுத்தாகிவிட்டதாம், அடுத்த பட்டியலில் பார்க்கலாமாம். அடுத்த பட்டியல் இன்றுவரை வரவில்லை.

"என்னாண்ணே, நமக்குக் கடல்ல காணி குடுத்திருக்காங்களாமே? வல வாங்கிட்டுப் போவமா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தோடு நின்ற ராசம்மா கேட்டாள். முதல் நாள் அழகனும் சேர்ந்து சிரித்தார். மறுநாளும் கேட்டபோது தண்ணீர் பிடிக்காமலே திரும்பிவிட்டார். வீட்டில் மனைவி வேலாயி அதைவிடக் குறைவாகத்தான் பேசினாள். "சாமி நேரம் பாத்தீங்களே, சாமி நம்மளப் பாத்துச்சா?"

அவர் பூசையை விடவில்லை. மணி அடிக்கையில் மட்டும் சாமி முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வார்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் அரசாங்கம் மனம் மாறியது. தோட்டமே கடிகாரத்தை அரை மணி பின்னால் திருகியது. பெரட்டு, பஸ், ரேடியோ எல்லாம் அழகனின் நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

"கடைசியில நீங்கதாண்ணே ஜெயிச்சீங்க!" என்று லயத்தில் யாரோ முதுகில் தட்டினார்கள். அழகன் சுவர் வெடிப்புக்குள் சிமெந்துச் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். இப்போது அதில் கை முட்டி நுழையும்.

போன மாதம் பாதை அளக்க வந்த ஒருவர், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயா, மணி என்னங்க?" என்று அவரிடம் கேட்டார். நாட்டில் இப்போது ஒரே நேரம்தான்.

எந்த நேரம் என்று அழகன் திருப்பிக் கேட்கவில்லை. சட்டைக் கையை ஏற்றி, கடிகாரம் கட்டிய கையை அவர் கண்ணுக்கு நேரே நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.