இரண்டு பேருக்குமான ஜெபம்

சிங்கப்பூரில் நர்ஸ் வேலை கிடைத்ததும், காரைக்குடியில் எங்கள் சபையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன்: "கர்த்தர் கூட இருக்கார், எனக்குப் பயமே இல்லை."

திருச்சியில் விமானம் ஏறியதும் அந்தத் தைரியம் போன இடம் தெரியவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. கண்ணை மூடி முணுமுணுவென்று ஜெபித்தேன்.

பக்கத்து இருக்கையில் முக்காடு போட்ட ஓர் இளையான்குடி அம்மா. மகள் பிரசவத்துக்குப் போகிறவர். என் கையைச் சுரண்டினார்.

"என்னம்மா, ஓதுறியா?"

"ஜெபம் பண்றேன்மா, பயமா இருக்கு. நீங்க அடிக்கடி போவீகளோ?"

"நானா! இப்பத்தேன் மொதத் தடவ ஏறுறேன். எனக்கும் சேத்துப் பண்ணும்மா, ஈரக்கொல நடுங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்காக, அவர் மகளுக்காக, பிறக்கப்போகும் பிள்ளைக்காக என்று வாய்விட்டு ஜெபித்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தபோது விமானம் மேகத்துக்கு மேலே போயிருந்தது. எனக்காக ஜெபிக்கவே மறந்திருந்தேன்.

இறங்கியதும், அழைக்க வந்த மருமகனிடம் என்னைக் காட்டினார்.

"பாவம், இந்தப் பிள்ளைக்கு ரொம்பப் பயம். நாந்தேன் கையப் பிடிச்சுக் கூட்டியாந்தேன்."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த லீவில் சபையில் மறுபடியும் மைக்கைப் பிடித்தபோது, அவர் சொன்னதையே என் சாட்சியாகச் சொன்னேன்.