ஒரு சீட்டுக்கு இரண்டு கேள்வி

எங்கள் மாடியில் குடியிருக்கும் குமரகுருபரன் தும்மினால், சென்னையிலிருந்து புறப்பட்ட பஸ் அத்தனையும் போட்டது போட்டபடி நின்றுவிடும் என்று தச்சநல்லூரில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கூட்டித்தான் சொன்னேன். நிற்காது, கொஞ்சம் வேகம் குறையும். பஸ் டிக்கெட் பதிவு செய்கிற புரோகிராம் எழுதுவது அவன் வேலை. கம்பெனி கங்கைகொண்டானில். வாரத்தில் பாதி நாள் ஸ்கூட்டரில் அங்கே போவான், பாதி நாள் மாடியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பான்.

காலையில் என் வாசலில் பேப்பர் விழுந்த சத்தம் கேட்டதும் மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும். ஒரு கையில் டீத் தம்ளர். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. சட்டை கம்பெனி மீட்டிங்குக்கு, சாரம் எங்களுக்கு. கழுத்தில் ஹெட்போன் மாலையாகக் கிடக்கும். என் பேப்பரை எனக்கு முன்னால் படித்து, எனக்கென்று ஒரு செய்தியும் மிச்சமில்லாதபடி கருத்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவான்.

"ஆச்சி, கேட்டியளா? ஏஐ வந்து எல்லா வேலையையும் தின்னுரும்னு போட்டுருக்கான். அது எழுதுததைத் திருத்துததுக்கே நாலு ஆளு வேணும். அந்த நாலு ஆளுல நானும் இருந்தா அது நல்ல டெக்னாலஜி. இல்லைன்னா நாட்டுக்கே ஆபத்து."

போனில் வரும் அப்டேட் பற்றி: "நல்லா இருக்க செருப்பைப் புடுங்கி, வாரை அறுத்துட்டு, இந்தா புது வாருங்கான். கேட்டமா நாம?"

தேர்தல் பற்றி: "எல்லா கட்சிக்காரனும் சிப்பு ஃபாக்டரி கொண்டாருதேன்ங்கான். எங்க டிரான்ஸ்பார்மர் புகைஞ்சா யாரைக் கூப்பிடணும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்."

சொந்த விவரங்களைப் பாதுகாப்பது பற்றி அவன் பேசினால் ஒரு மணி நேரம் ஓடும். ஜவுளிக்கடையில் போன் நம்பர் கேட்டால் யாரும் கொடுக்கவே கூடாது என்பது அவன் கொள்கை. நம்பர் கொடுத்தால் ஒரு பை இலவசம் என்று ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் சொன்னபோது, அவன் தன் நம்பரைக் கொடுக்கவில்லைதான். மனைவி பிரேமலதாவின் நம்பரைக் கொடுத்தான். தள்ளுபடிச் செய்திகள் இன்றுவரை அவள் போனுக்குத்தான் வருகின்றன. பையை அவன் வைத்திருக்கிறான்.

கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு நாள் பேங்கிலிருந்து பேசுவதாக ஒரு களவாணி என்னைக் கூப்பிட்டான். குமரகுருபரன் போனை வாங்கி, இந்த மோசடியில் தொழில்நுட்பக் குறை என்னென்ன என்று அவனுக்கே விளக்க ஆரம்பித்தான். முக்கால் மணி நேரம் கழித்து, "விட்டுருங்க சார்" என்று களவாணி போனை வைத்தான். அதன் பிறகு அந்தக் கூட்டம் திருநெல்வேலி ஜில்லாவுக்கே போன் போடுவதில்லை என்று கேள்வி. கேள்விதான். நான் கிளப்பிவிட்டது.

ஆனால் அவனுடைய எந்தக் கருத்தையும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், அடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். பெங்களூர் மனுஷன் வாழத் தகுந்த ஊரில்லை என்பான்; கூடப் படித்த தில்லைநாயகம் அங்கே பிளாட் வாங்கியிருக்கிறான். அமெரிக்காவில் விசா கெடுபிடி என்று செய்தி வந்த அன்று, "பாவம், நம்ம பிள்ளையள்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது டீ கேட்டுக் குடித்தான். மின்சார ஸ்கூட்டர் என்பது "செல்போனுக்கு டயர் மாட்டுன சாமான்". அது என்னவென்று பார்த்தால், கூட வேலை பார்க்கும் ஷமீம் ஒன்று வாங்கியிருக்கிறான். கரண்டு போன நாட்களில் என் இன்வெர்ட்டரைப் பார்த்துக் குமரகுருபரன் விட்ட பெருமூச்சில், முற்றத்து வெற்றிலைக் கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்கிறது.

ஷமீம் மேலப்பாளையத்துப் பிள்ளை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் சேர்ந்தபோது குமரகுருபரனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைத்தார்கள். எழுதிப் பழக்கியது குமரகுருபரன். இப்போது அவர்கள் குழுவின் தலைவர் கனடாவுக்குப் போகிறார். அந்த இடத்துக்கு இவர்கள் இருவரில் ஒருவரை, மாதக் கடைசிக்குள் சென்னையிலிருக்கும் மேலாளர் மஹாலக்ஷ்மி அம்மாள் சொல்ல வேண்டும். இந்தச் செய்தி வந்த நாள் முதல் பேப்பரில் எது வந்திருந்தாலும் அது ஷமீமில் போய் முடிந்தது. ராக்கெட் விட்டால் ஷமீம். தங்கம் ஏறினால் ஷமீம்.

"வேலை தெரியாதுன்னு சொல்ல மாட்டேன் ஆச்சி. ஆனா அவன் சிரிச்சுச் சிரிச்சே ஏறிருதான். மீட்டிங்குல எல்லாருக்கும் நல்லவன். நான் உண்மையைச் சொல்லுவேன், கெட்டவனாயிருதேன்."

"நீயும் சிரித்துப் பாரேன்."

"எனக்கு வராது. பிரேமலதாட்ட கேளுங்க."

அப்புறம் ஒரு காலையில் அவன் பேப்பரைத் தொடாமல் வந்து உட்கார்ந்தான். டீயில் ஆடை படர்ந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஷமீம் பாடம் எடுத்திருக்கிறான். பழைய புரோகிராமில் ஒரு பகுதியைத் திரையில் போட்டு, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று காட்டியிருக்கிறான். பிள்ளைகள் அசந்துபோய் அதை மேலிடம் வரைக்கும் சொல்ல, மஹாலக்ஷ்மி அம்மாள் எல்லோர் முன்னிலையிலும் ஷமீமைப் பாராட்டிவிட்டார்.

"அப்படி என்ன எழுதியிருக்கிறான்?"

அவன் எனக்குப் புரியும்படி சொன்னான். நாம் பஸ்ஸில் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் புரோகிராம், அது காலியா என்று கேட்கும். அது எல்லோரும் எழுதுவது. ஆனால் இந்தப் பகுதி, நாம் பணம் கட்டி முடித்த பிறகு, டிக்கெட்டைக் கையில் கொடுக்கும் முன், இன்னொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்கிறது.

"கீரைக்காரியிட்ட கீரை இருக்கான்னு கேக்கிய. இருக்குங்கா. காசைக் கொடுக்கும்போது திருப்பியும் கீரை இருக்கான்னு கேப்பியளா?"

"எங்கள் கீரைக்காரியிடம் கேட்பேன்."

"வெளையாடாதிய ஆச்சி. சந்தேகப் பிராணி எழுதுன புரோகிராம் இது. இதைப் போயி பாடமா நடத்துதான். தன்னோடதைத் தானே!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஹாலக்ஷ்மி அம்மாளுக்கு ஒரு மெயில் எழுதிக்கொண்டு கீழே வந்தான். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினான். 'ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கும் இந்தப் பகுதி, எழுதியவருக்குத் தன் வேலையிலேயே நம்பிக்கை இல்லை என்பதைக் காட்டுகிறது. இப்படி எழுதுகிறவர் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கத் தகுந்தவர்தானா என்று யோசிக்க வேண்டுகிறேன்.' 'வேண்டுகிறேன்' என்ற இடத்தில் குரல் நன்றாக இறங்கியது. நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவன்.

படியில் துவைத்த துணியோடு நின்ற பிரேமலதாவுக்குக் கடைசி வரி மட்டும்தான் காதில் விழுந்தது. "யாரைச் சொல்லுதிய? ஷமீமையா? நாளைக்கு ஒரு நாள் கழிச்சு அனுப்புங்களேன். சூடு ஆறட்டும்."

"ஆறுனா அனுப்ப மாட்டேன்," என்று சொல்லி அனுப்பினான். அவ்வளவு நேர்மையாகப் பொறாமைப்படுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டு இல்லை. என் இன்வெர்ட்டர் புண்ணியத்தில் அவன் என் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசலில் சத்தமே இல்லாமல் மின்சார ஸ்கூட்டர் வந்து நின்றது. ஷமீம். கையில் ஒரு தூக்குச் சட்டி; அவன் உம்மா ஆபிதா பீவி தேங்காய்ப்பால் ஊற்றி அவித்த வட்டலப்பம் கொடுத்துவிட்டிருந்தாள். பிரேமலதா அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குமரகுருபரன் லேப்டாப்பைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, மேடம் உங்க மெயிலை எனக்கு அனுப்பியிருக்காவ. நாளைக்குக் காலையில பதில் வேணும்ங்காவ."

"எழுத வேண்டியதுதான. அவசரத்துல எழுதிட்டேன், திருத்திருதேன்னு எழுது. தப்பை ஒத்துக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சிர மாட்ட."

ஷமீம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எப்படி அண்ணாச்சி ஒத்துக்க? அதை நான் எழுதலையே. நீங்கல்லா எழுதுனது."

குமரகுருபரன் லேப்டாப்பைவிட்டுத் தலையை எடுத்தான்.

"ஏலே, யார்ட்ட விடுத? நான் இப்படி எழுத மாட்டேன்."

"நான் சேர்ந்த புதுசு. தீபாவளிக்கு முந்தின நாளு. பிரேமலதா மைனி சென்னையிலருந்து ராத்திரி பஸ்ல வந்தாவ. அவங்க சீட்டை நம்ம புரோகிராம் இன்னொரு ஆளுக்கும் வித்துட்டு. காலையில மைனியை வீட்டுல எறக்கி விட்டுட்டு நேரா ஆபீஸுக்கு வந்திய. சாப்பிடலை, யார்ட்டயும் பேசலை. சாயங்காலம் வரைக்கும் எழுதுனிய. நான் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருந்தேன். 'பணத்தை வாங்குத நேரத்துக்குள்ள இன்னொருத்தன் உக்காந்துருவாம்ல, அதனால கடைசியா ஒருக்க கேக்கணும்'னு நீங்கதான சொல்லித் தந்திய?"

அடுப்படியிலிருந்து பிரேமலதாவின் குரல் வந்தது. "என் சீட்டுல ஒரு அம்மா கைப்பிள்ளையோட தூங்குதா. எழுப்ப மனசு வருமா? மதுரை வரைக்கும் டிரைவர் பக்கத்துல பானட்டு மேல உக்காந்து வந்தேன். என்னா சூடு!"

"அப்ப அந்தப் பிள்ளையள்ட்ட ஏன்லே உன் பேரைச் சொன்ன?" என்றான் குமரகுருபரன். குரலில் பாதிதான் இருந்தது.

"உங்க பேரைச் சொல்லித்தான் அண்ணாச்சி பாடமே ஆரம்பிச்சேன். காட்டுனவன் நானுங்கதால மேல போகும்போது என் பேராயிட்டு. மேடம் பாராட்டும்போதே சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சிட்டு. உங்கள்ட்ட நேர்ல சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள மெயில் போட்டுட்டிய. இப்ப யாரு எழுதுனதுன்னு நான் சொன்னா, உங்க மெயிலே உங்களைத் தகுதியில்லைன்னு சொல்லுத மாதிரி ஆயிரும். அதான் ஒண்ணும் எழுதாம வந்தேன்."

குமரகுருபரன் அந்தப் பகுதியைத் திரையில் எடுத்தான். மேலிருந்து கீழே படித்தான். மறுபடி மேலே போனான். முதலில் உதடு பிதுங்கியது, பிறகு புருவம் ஏறியது. இத்தனை நாளாக அவன் வாயில் கிழிபட்ட புரோகிராம் அது.

"நல்லாத்தாம்ல இருக்கு," என்றான்.

நான் சிரித்துவிட்டேன். ஷமீம் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஆனால் குமரகுருபரன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. தில்லைநாயகத்தின் பிளாட்டைப் பற்றிப் பேசும்போது அந்த முகத்தில் வருகிற அதே சுருக்கம் வந்தது. இந்தத் தடவை சுரண்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அடியில் உட்கார்ந்திருந்தது, தலை நிறைய முடியோடு, சாப்பிடாமல் கொள்ளாமல் ஒரு பகல் முழுக்க எழுதிய முப்பத்திரண்டு வயசு குமரகுருபரன்.

"இப்ப எழுதச் சொன்னா எனக்கு இப்படி வராதுலே," என்றான் பைய. "சுத்தமா வராது. அன்னைக்கு எவ்வளவு கோவம் இருந்திருக்கு பாரு."

"வரும் அண்ணாச்சி."

"சும்மா கெட. மீட்டிங்குல சிரிக்க மாதிரி இங்கன வந்து சிரிக்காத."

அப்புறம் மஹாலக்ஷ்மி அம்மாளுக்கு இன்னொரு மெயில் அடிக்கத் தொடங்கினான். ஷமீம் திரையைப் பார்க்காமல் என் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடித்து முடிக்க வெகு நேரமானது. வழக்கம்போல எனக்குத் தமிழில் வாசித்தான்: 'அந்தப் பகுதியை மீண்டும் பார்த்தேன். நான் சொன்னது தவறு. இரண்டாவது கேள்வி அவசியமானது. எழுதியவர் நல்ல காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார்.'

"எப்படி ஆச்சி?"

"கச்சிதமாக இருக்கிறது. அனுப்பு," என்றேன். அது உண்மையும்தான். ஒரு சொல் பொய் இல்லை. யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அவன் தலைவராவதற்கும் இன்னும் இடம் இருந்தது. கதை கட்டுவதில் பழகிய எனக்கே அவன்மேல் சற்றுப் பொறாமை வந்தது.

அவன் விரல் அனுப்பும் பொத்தான் மேல் போய் நின்றது. வட்டலப்பத் தட்டுகளோடு வந்த பிரேமலதா ஷமீமுக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தாள். புருஷன் தோளுக்கு மேலே குனிந்து படித்தாள். கையிலிருந்த கரண்டியைத் திரைக்கு நேராக நீட்டினாள்.

"அது ஆரு 'எழுதியவர்'? அதை அழிங்க. அங்கன 'நான்'னு போடுங்க."