பின்சீட்டுப் பேச்சு

என் மனைவி சண்டை போட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். வால்பாறை ஆர்டர் வரைக்கும் கூட வருகிறேன், மலை இறங்கியதும் என்னைச் சோமனூரில் தங்கச்சி வீட்டில் விட்டுவிடுங்கள், இனி வண்டியில் ஊர் ஊராக வர முடியாது என்றாள்.

"ஏன் அம்மணி?" என்றேன்.

"உங்க முதுகப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் பிறகு மாற்றிக்கொண்டதில்லை.

எங்கள் தொழில் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது. நான் சட்டத்தை அளந்து ஒட்டுப்பட்டையை ஒட்டுவேன். அவள் வலையை வெட்டி ஓரம் தைப்பாள். ஒரு பழைய பைக், டேங்க் மேல் சின்னக் கைத்தையல் மிஷின், பின்னால் குறுக்கே கட்டிய வலைச்சுருள், நடுவில் அவள். போத்தனூரில் ஒற்றை அறை வாடகைக்கு இருந்தாலும் மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். எனக்கு அது பிடித்திருந்தது. ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை, கேரளத்தில் ரப்பர் தோட்டம், சோமனூரில் தறிக்குடோன்களுக்குப் பாவுநூல் உருளை இறக்கும் வேலை என்று எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. எங்கள் அப்பா ஒரே தோட்டத்தில் நாற்பது வருடம் பண்ணையத்தில் கிடந்தார். அதைப் பார்த்ததால்கூட இருக்கலாம். கொசுவலையில் இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலும் ஜன்னலை வெளியில் நின்றே அளந்துவிடலாம். நீ எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று கேட்டு அப்புறம் உள்ளே விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு வேலையே இருக்காது.

அவள் பதினான்கு வயதிலிருந்து விசைத்தறி ஓட்டியவள். எட்டுத் தறிக்கு ஒரே ஆளாக நின்றிருக்கிறாள். குடோன்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த ஒரு வருடத்தில்தான் இரண்டு பேரும் இந்த வேலைக்கு வந்தோம்.

ஆரம்பத்தில் வண்டியில் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தோம். என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பேசுவாள். யார் வீட்டுத் தென்னைக்குத் தண்ணீர் விடவில்லை என்பது வரைக்கும் சொல்லுவாள். பின்னால் உட்காருகிறவர்களும் ஹெல்மெட் போட வேண்டும் என்று போலீஸ் கண்டிப்புக் காட்ட ஆரம்பித்த பிறகு அது நின்றுபோனது. அவள் தலையை முன்னால் கொண்டுவந்தால் இரண்டு ஹெல்மெட்டும் டொக்கென்று முட்டிக்கொள்ளும். கத்தினாலும் காற்றுதான் கேட்கும். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் முயற்சியை விட்டுவிட்டோம். அப்புறம் மூன்று வருடம் பேசாமலே போயிருக்கிறோம்.

முதுகைப் பார்த்துச் சலித்துவிட்டது என்றால் பேச ஆளில்லாமல் சலித்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பேக்கரியில் டீ குடிக்கும்போது பெரிய பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, ஒருவரையொருவர் பார்க்காமலே, ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கிட்டப்போய்ப் பார்த்தேன். ஹெல்மெட் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா ஒட்டியிருந்தது. ப்ளூடூத் செட்டு, இதில் பேசினால் அதில் கேட்கும் என்றார்கள்.

அவளையும் கூட்டிக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு ஹெல்மெட் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் வண்டியையும் வலைச்சுருளையும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார்.

"இது லடாக் அந்த மாதிரி போறவங்க வாங்கறதுங்ணா."

"நாங்க வால்பாறை போறவங்க. அங்கயும் மலைதானுங்க."

அவர் சிரித்துவிட்டு மூன்று விதம் எடுத்துப்போட்டார். ஒன்று ஒரு கிலோமீட்டர் தூரம் வரைக்கும் எட்டும் என்றார்.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அரையடிதானுங்க" என்றேன்.

"அப்ப செட்டு எதுக்குங்ணா? திரும்பிப் பேசிக்கலாமே."

"திரும்புனா பள்ளத்துல உட்டுருவாருங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகு கடைக்காரர் எங்களோடு சேர்ந்துகொண்டார்.

தூரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம், காற்றுச் சத்தத்தை அடக்குகிற மைக் எதில் நன்றாக இருக்கிறதோ அதைப் பாருங்கள் என்று அவரே சொன்னார். என்னுடையது முகத்தை மூடும் ஹெல்மெட். அதற்கு உள்ளே ஒட்டுகிற பொட்டு மைக். அவளுடையது வாய்ப்பக்கம் திறந்த ஹெல்மெட். அதற்கு வாய் வரைக்கும் வளைந்து வரும் குச்சி மைக். பொத்தானை அவளே தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றில் மூன்று பொத்தான் கடுகு மாதிரி இருந்தது, வேண்டாம் என்றாள். திருகுவதற்குப் பெரிய குமிழ் வைத்த செட்டை எடுத்தோம். ஸ்பீக்கர் இரண்டும் காதுக்கு நேராக வர வேண்டும், ஒரு விரல் தள்ளிப்போனாலும் பாதிச் சத்தம் போய்விடும் என்று கடைக்காரர் உள்பஞ்சைப் பிரித்துப் பிரித்து ஒட்டினார். போட்டுப் பார்த்தால் தோட்டை அழுத்தியது. அவள் அங்கேயே தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் தோட்டைக் கழற்றி நான் பார்த்தது அடகுக்கு மட்டும்தான்.

கடைக்குள்ளேயே பேசிப்பார்த்தோம். "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றாள். தலைக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

ரோட்டுக்கு வந்ததும் அவள் குரல் வரவில்லை.

நான் பேசினால் அவளுக்குக் கேட்டது. கேட்குதா என்றால் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் நிறுத்தினால் காற்று மட்டும் வந்தது. வீட்டுக்குப் போனதும், வழியில் ஏன் பேசவில்லை என்றேன். "பேசிட்டுத்தானுங்க வந்தேன்" என்றாள். மறுநாள் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. மைக்கின் பஞ்சுத் தொப்பியை மாற்றிக் கொடுத்தார். திரும்பவும் ரோட்டில் ஒன்றும் இல்லை. திரும்பவும் போனேன். அந்த மனிதர் முகம் சுளிக்காமல் வேறு செட்டே மாற்றிக் கொடுத்தார். அதிலும் இல்லை. திரும்பவும் கேட்டேன். திரும்பவும், "நானு பேசிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். போவதென்று முடிவு செய்துவிட்டாள், எதற்கு இனிப் பேச்சு என்று இருக்கிறாள் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. முப்பது ஊர் விட்டுவிட்டு வந்தவன் நான். ஒருவர் விட்டுப்போக நினைப்பதை என்னால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சோறு இறங்கவில்லை.

வால்பாறை போகிற நாள் வந்தது. அங்கே ஒரு தங்கும் விடுதியில் பதினாறு ஜன்னல். அவள் துணிப்பையைத் தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டாள். பொள்ளாச்சி தாண்டி டீக்கு நின்று வலைச்சுருளைத் திருப்பிக் கட்டும்போது அது இடித்து வலப்பக்கக் கண்ணாடி திரும்பிக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. ஆழியாறு ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே வேகம் பிடித்த பிறகு கண்ணாடியைப் பார்த்தால் ரோட்டுக்குப் பதில் அவள் முகம் தெரிந்தது.

பேசிக்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் அசைந்தது. புருவத்தைத் தூக்கி, தலையை ஆட்டி, இடையில் சிரித்து, யாரிடமோ கதை சொல்லுகிற மாதிரி. என் காதில் காற்று மட்டும்.

வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்திய அந்த நொடியில் குரல் வந்தது: "...அந்தப் புள்ளைக்கு இப்ப காது குத்துறாங்களாமா. ஏனுங்க நின்னுட்டீங்க?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாவு இறக்கப்போன நாட்களில் பார்த்திருக்கிறேன். தறிக்குடோனுக்குள் யாரும் கத்த மாட்டார்கள். கத்திப் பிரயோஜனம் இல்லை. தறி ஓடும்போது உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிர் வரிசையில் நிற்கிறவள் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லுவாள். குடும்பச் சண்டை, பண்டிகைச் சீட்டு, கேலி எல்லாம் அப்படியே நடக்கும், ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல். பதினெட்டு வருடம் அப்படிப் பேசியவள். சுற்றிலும் இரைச்சல் ஏறினால் தொண்டை தானாக நின்றுவிடுகிறது, உதடு மட்டும் ஓடுகிறது. அவளுக்கு அது தெரியவில்லை. தான் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். மைக்குக்கு உதடு படிக்கத் தெரியாது.

சொன்னேன். நம்பவில்லை. "சும்மா இருங்க, எனக்குத் தெரியாதுங்களா நானு பேசறது" என்றாள். எஞ்சினைப் போட்டு முறுக்கி இரைய விட்டு, தொண்டையில் விரலை வைத்துப் பேசச் சொன்னேன். வைத்தாள். வாய் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"அய்யோ, ஆமாங்க" என்றாள். அதற்கே குரல் வரவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அப்ப இத்தன நாளா என்னதான் பேசிட்டு வந்த?"

"அதையெல்லாம் மறுக்கா சொல்ல முடியுங்களா? போங்க."

ஹெல்மெட் வாருக்கு அடியில் இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டே வந்தாள். முதலில் வந்த குரல் செவிடாக்குகிற மாதிரி இருந்தது. குமிழைத் திருகிக் குறைத்தேன். ஆழியாறில் மலை ஏறும்போது குரல் படிந்து வந்துவிட்டது. ஐந்தாவது வளைவோ ஆறாவதோ, அவள் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லோணுங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"சொல்லு."

"எனக்கு இடது காது சுத்தமாப் போயிருச்சுங்க. போன வருசமே. வலதுந்தான் பாதி. இந்த டப்பா காதுகிட்ட இருக்கறதாலதான் நீங்க பேசறது கேக்குது."

கியரைக் குறைத்து வளைவைத் திருப்பினேன்.

"பின்னால வர்ற வண்டி எனக்குத் தெரியறதில்லீங்க. ஆரன் அடிக்கறதும் தெரியாது. திடீர்னு பஸ்ஸு முட்டிகிட்ட உரசிட்டுப் போவும். அப்பத்தான் தெரியும். ரோட்டுல உக்காந்து வாரதே கண்ணக் கட்டிட்டு வார மாதிரி. பகலெல்லாம் உசுரக் கையில புடிச்சுட்டு வாரேன். அதுனாலதான் வரலீன்னேன். முதுகு மேல பழியப் போட்டுட்டேன்."

"முன்னமே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வலை வெட்டறத உட்டு ஊட்டுல உக்காரச் சொல்லுவீங்க. ஊட்டுல எத்தன நாளைக்கு உக்காருவீங்க நீங்க? மூணா நாளு கெளம்பிருவீங்க. அதுக்குத் தங்கச்சி ஊடே தேவல."

அவள் சொன்னது உண்மை. அப்போது பின்னால் வால்பாறை பஸ் ஒன்று திணறிக்கொண்டு வந்தது. எனக்கு இரைச்சல் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்தே ஒரு இரைச்சலை நான் கேட்டது அதுதான் முதல்முறை. எத்தனையோ ஆயிரம் பஸ்ஸை எனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

"பின்னால பஸ் வருது" என்றேன். "இன்னும் ரெண்டு வளைவு கீழ இருக்குது. நான் இடது பக்கம் ஒதுங்கிக்கறேன். வலப்பக்கமாத் தாண்டும். பயப்படாத."

பஸ் தாண்டியது. என் சட்டையைப் பிடித்திருந்த கை இறுகவில்லை.

அதிலிருந்து மேலே போய்ச்சேரும் வரை சொல்லிக்கொண்டே போனேன். ஜீப், தேயிலை மூட்டை லாரி, எதிரில் காட்டு இலாகா வண்டி, ரோட்டைத் தாண்டும் குரங்கு. நான் அதிகம் பேசாதவன். தாடை வலித்தது. அவள் நடுநடுவே, "குரங்கு எனக்கே தெரியுதுங்க, பின்னால வாரத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

விடுதியில் இரண்டு நாள் வேலை. அவளுடைய துணிப்பை தையல் மிஷின் பக்கத்தில் அவிழ்க்காமலே இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இறங்கின உடனே கோவையில் பெரியாஸ்பத்திரியில் காதைக் காட்டுவோம் என்று மட்டும் சொன்னேன். போன காது வருமா என்று கேட்டாள். தெரியாது, இருக்கிறதைக் காப்பாத்தலாம் என்றேன். சரி என்றாள். ஆஸ்பத்திரிக்குச் சோமனூரிலிருந்தும் பஸ் இருக்கிறது என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் இறங்கினோம். இறக்கத்தில் பின்னால் வருகிற வண்டிதான் பயம். ஒவ்வொன்றையும் சொன்னேன். வண்டி இல்லாதபோது "ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னேன். சும்மா இருந்தால் அவளுக்கு அது வேறு பயம் என்பது ஏறும்போதே புரிந்திருந்தது.

பொள்ளாச்சியில் ரோடு பிரிகிறது. பல்லடம் வழியாகப் போனால் சோமனூர். நேராகக் கோவை ரோட்டில் போனால் போத்தனூர். பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்தேன்.

"எந்தப் பக்கம் போலாம் அம்மணி?"

பதில் வரவில்லை. உதட்டை அசைக்கிறாளோ என்று கண்ணாடியைத் திருப்பப் போனேன்.

"யோசிக்கறேன். கண்ணாடியத் திருப்பாதீங்க" என்றாள்.

சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

"பின்னால ஆரன் அடிக்கறாங்க, ஒரு கார், நாலஞ்சு வண்டி" என்றேன்.

"அடிச்சா அடிக்கட்டும்" என்றாள். அப்புறம், "போத்தனூருக்கே போங்க. இந்த மாசம் வாரேன். சொல்லாம ஒரு வண்டி தாண்டுச்சுன்னாலும் அப்பறம் சோமனூருதான்."

கோவை ரோட்டில் திரும்பினேன். வெள்ளைக் கார் ஒன்று பின்னால் வந்தது. சொன்னேன்.