கடிகாரத்தில் வரைந்த விமானம்

தி.நகரில் பழைய கைக்கடிகாரம் விற்கிற கடைகளில் இப்போது 'பைலட் வாட்ச்' தாராளமாகக் கிடைக்கிறது. முகத்துக்குப் பச்சை, ஊதா, ரத்தச் சிவப்பு என்று வண்ணம் அடித்து, விமானி கட்டியது என்று கூசாமல் சொல்கிறார்கள். எந்த விமானி கட்டினான்? அந்தக் கடிகாரத்துக்குக் கறுப்பு முகம் வைத்ததே வெள்ளை எண்கள் சட்டென்று கண்ணில் படத்தான். பன்னிரண்டின் இடத்தில் முக்கோணம் போட்டது, எது மேல்பக்கம் என்று ஒரே பார்வையில் பிடிபட. கையுறையோடு சாவி கொடுக்க வசதியாகப் பெரிய திருகு. அலங்காரம் என்று அதில் எதுவும் கிடையாது.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் இருக்கும் என் அக்காவின் கணவர் விமானப்படையில் இருந்தவர். போன வருஷம் காலமானார். அவர் கட்டியிருந்த அசல் பைலட் வாட்ச் நின்றுபோயிருந்தது. முக்கோணத்தின் ஒளிப்பூச்சு மஞ்சளாகி, ஓரத்தில் உதிர்ந்திருந்தது.

"ஓட வெச்சுக் குடுத்தாப் போறும்டா. நான் கட்டிக்கறேன்" என்றாள் அக்கா.

தி.நகரில் அப்படியொரு கடைக்கே அதை எடுத்துப்போனேன். அங்கே நான் சும்மா நிற்கவில்லை. அந்தக் கடிகாரத்தின் சரித்திரம் முழுவதையும் ஒப்பித்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"மூஞ்சி கறை புடிச்சி கீதே சார். புச்சாக்கிடட்டா?"

இணையத்தில் பார்த்த பளபளப்பான படங்கள் என் மனசில் இருந்தன. அக்காவிடம் ஒரு போன் செய்து கேட்கத் தோன்றவில்லை. சரி என்றேன்.

திரும்ப வாங்கப் போனபோது, புதுப் பெயிண்டின் நடுவே குட்டியாக ஒரு சிவப்பு விமானம்.

"இதை யார் கேட்டது?"

"ஏரோப்ளேன் வாட்சுன்னு நீதான சார் அம்மாம் நேரம் சொன்ன. அதான் போட்டேன். ஃப்ரீதான்."

"பழைய முகத்தைக் கொடுங்க."

"அத்தச் சுரண்டிட்டுதான சார் இத்த அடிச்சது."

கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "கத்தாத சார், நல்லா ஓடுது பாரு" என்றார் அவர்.

அக்காவின் வீட்டிலும் அதே கோபத்தோடுதான் நுழைந்தேன். கடைக்காரரைத் திட்டினேன், இந்தத் தொழிலையே திட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, அவன் சுரண்டினான். சுரண்டுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"இல்லை."

"இது அவர் கட்டிண்டிருந்தது இல்லை. எனக்கு வேண்டாம்."

மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதுவரை மூச்சு வாங்கத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அதற்குமேல் திட்ட ஆள் கிடைக்கவில்லை.