அடுப்படிக்குப் போன செம்மண்

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது பலர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை கிடைத்தது, ஓரமாக வீடு கட்டிக்கொள்ள இடமும் விட்டார்கள். பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் மரக்கால் நட்டுப் பலகை வீடு கட்டியிருந்தார்கள். இவருக்கோ மண்சுவர்தான் வேண்டும்.

“கோழிக்கூண்டு மாதிரி கால் மேல ஏறி உக்காரவா நான் பொறந்தேன்?” என்றார்.

சுடாத பச்சைக்கல் அறுக்க மண்ணையும் அவரே தேர்ந்தெடுத்தார். வாய்க்கால் கரையின் கருங்களி. ஊர் வயல்மண் போலவே இருக்கிறதென்று கையில் உருட்டி உருட்டிப் பூரித்துப் போனார். வெண்ணெய் போல் அச்சில் இறங்கியது, விளிம்பு சிதையவில்லை. ஆனால் காயக் காயக் கல் சுருங்கி, குறுக்கே வெடித்தது. ஊரில் அந்தக் களியோடு வைக்கோலை மிதித்துச் சேர்ப்பார்கள், வெயில் மாதக்கணக்கில் காயும். இங்கே வெயில் மத்தியானம் வரைதான். இவர் லாலான் புல்லை நறுக்கிப் போட்டார், அது ஒட்டவேயில்லை. வெடிப்புகளில் அதே களியை அப்பி மெழுகிவிட்டு, “பாறை மாதிரி நிக்கும் பாரு” என்றார்.

நான் நிறைமாதம். வாய்க்காலிலிருந்து கூடை சுமந்து இடுப்பு விட்டுப்போனது. அடுப்படிக்குக் கல் போதாமல் போனபோது, பின்னாலிருந்த மேட்டையே வெட்டினேன். செம்மண், களி கொஞ்சம், மணலும் பொடிக்கல்லும் நிறைய. அச்சிலிருந்து எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்தது, பார்க்கவும் லட்சணமில்லை. ஆனால் காய்ந்தபின் ஒன்றில்கூட வெடிப்பில்லை.

“சோம்பேறிக் கல்லு. அடுப்படிக்குத்தானே, போகட்டும் லா” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழைக்காலத்தில் பெண் பிறந்தாள். உதவிக்கு வந்த அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, தீட்டு விஷயத்தில் படு கறார். தீட்டுக் கழியும்வரை நானும் பிள்ளையும் உள்ளறைப் பாயில்தான். அடுப்பும் அம்மன் படமும் இருக்கும் அடுப்படியின் வாசலைக்கூட நான் மிதிக்கக் கூடாது.

மழை விட்டு விட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. ஒரு பிற்பகல், அவர் தோப்பில் இருந்தார். சுவரில் சாய்ந்தேன், முதுகு நனைந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். புட்டில் குத்தியது போல் உள்ளே போயிற்று. களி தண்ணீரைக் குடித்து ஊதி, சுவர் எங்கள் பக்கம் வயிறு தள்ளி நின்றது.

“அண்ணி, சுவரு தள்ளுது.”

“புள்ள பெத்தவளுக்கு இப்படித்தான் தோணும். படுடி.”

பொத்தென்று ஒரு பிடி மண் குழந்தையின் காலருகே விழுந்தது. அவளை வாரிக்கொண்டு எழுந்தேன். முன்வாசலில் வெள்ளம் இழுத்துக்கொண்டு ஓடியது. அடுப்படி ஒன்றுதான் வழி. அண்ணி அதன் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“தீட்டோட உள்ள போறியா? அம்மன் கண்ணக் குத்திரும்!”

“குத்துனா என்னையக் குத்தட்டும். நகருங்க.”

அவர் நகரவில்லை. தோளால் இடித்து அவரையும் சேர்த்து உள்ளே தள்ளினேன். பின்னாலேயே சுவர் பாய்மேல் சரிந்தது, கூரை அதன்மேல் இறங்கியது. என் செம்மண் சுவரில் தண்ணீர் வழிந்தது, மேலாக மணல் அரித்துப் போனது. சுவர் அசையவில்லை.

தோப்பிலிருந்து அவர் ஓடி வந்தார். கூரையைப் புரட்டி, பாய் கிடந்த இடத்தில் இரண்டு கையாலும் களியைப் பறித்துப் பறித்து எறிந்தார். நான் கத்தியது மழையில் கேட்கவில்லை. அடுப்படிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தீட்டுக்காரி அங்கே இருப்பாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கிப் போய் அவர் எதிரில் நின்றேன். வாங்கக் கை நீட்டினார். கையெல்லாம் களி. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“புடிங்க” என்று அதட்டினேன். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.